ஒரிஜினல் மாமா

கேகாலைப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு சாமியாடி, ஒரு சீட்டுப் பிடிக்கிற அக்கா, தண்ணி போட்டால் இங்கிலீஷ் பேசுகிற ஒரு சித்தப்பா இருப்பதுபோல, டிவிஷனுக்கு ஒரு ஒரிஜினல் மாமாவும் இருப்பார். வாங்கிவந்த சாமான் ஒரிஜினலா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. சம்பளமில்லாத உத்தியோகம். டவுனிலிருந்து பையோடு இறங்குகிற எவரும் தம் வாசலுக்குப் போகுமுன் அவர் வாசலைத் தாண்ட வேண்டும். அவருடைய காம்பரா மட்டும் எப்படி எப்போதும் லயத்தின் முதல் காம்பராவாகவே வாய்க்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் டிவிஷனில் இருக்கிற ஒரிஜினல் மாமா, கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர்.

"என்னா மருமகனே, பையில?"

"கொட மாமா."

"எத்தன பேரு?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் ஒரு பேர். எந்தச் சாமானின் விலையையும் பேராக மாற்றினால்தான் மாமாவுக்கு மண்டையில் ஏறும். பேர் 2021-இல் 1,000 ரூபாயானபோது லயமே வெடி கொளுத்தியது. மாமா, "அப்ப பாட்டா செருப்பு இனி ஒரு பேருக்குள்ள வருமா?" என்று மட்டும் கேட்டார். 2024-இல் 1,350 ஆனபோதும் அதே கேள்விதான். இடையில், 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐத் தாண்டி ஓடியதைப் பற்றி டீவியில் ஆளாளுக்கு மணிக்கணக்காக விளக்கினார்கள். மாமா ஒரு வாக்கியத்தில் முடித்தார்: "கொட ஒண்ணர பேருல இருந்து மூணு பேராயிருச்சு."

குடையை வாங்கிக் கம்பிகளை எண்ணினார். எட்டு. பிடியைப் பிழிவதுபோல முறுக்கினார். விரித்து, சீலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெளிச்சத்தில் பிடிக்கிற பழக்கம் அத்தையிடமிருந்து வந்தது. எங்கள் தோட்டத்தில் பாதி தேயிலை, பாதி றப்பர். அத்தை பல வருடம் புகைபோடும் இடத்தில் றப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, குமிழி இருந்தால் ஒரு பக்கம், அழுக்கு இருந்தால் இன்னொரு பக்கம் என்று பிரித்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் மாமா அதைப் பார்த்தார். அன்றிலிருந்து சேலை, செருப்பு, பரீட்சை ரிப்போர்ட் எல்லாமே வெளிச்சத்துக்குப் போகின்றன. ஒருமுறை கிரீம் பிஸ்கட்டைக்கூடப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு மழைக்கு நிக்கும்" என்று குடையைத் திருப்பித் தந்தார்.

வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற ஊரில் ரெண்டு மழை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் வாக்குப் பலித்தது. இரண்டாம் மழையில், பஸ் ஹோல்டில், குடை மேல்நோக்கி மலர்ந்து தாமரையாகி நின்றது. தோட்டத்தில் பாதிப்பேர் அதைப் பார்த்தார்கள். மீதிப்பேருக்கு மாமா சொல்லிவிட்டார்.

சும்மா பீற்றுகிறவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தொழிலில் அவர் கெட்டிக்காரர். கவ்வாத்துக் கத்தியைக் கடையில் வாங்கவே மாட்டார். லொறி வில்லுத் தகட்டைக் கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்து, பட்டறைப் பக்கத்திலேயே குந்தியிருந்து அடித்து எடுத்துக்கொண்டு வருவார். கடைக் கத்தி ஒரு பேர் என்றால் இது மூன்று பேர். "கத்தி மொன்னையா இருந்தா வாது வெட்டுப்படாது, பிளக்கும். பிளந்த எடத்துல தண்ணி நிக்கும். தண்ணி நின்னா மரம் உள்ளுக்கு அழுகும். மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா வெட்டுற மரம், அடுத்த கவ்வாத்துக்கு இருக்காது" என்பார். அந்தக் கத்தியை ஒன்பது வருடம் பாவித்தார். தீட்டித் தீட்டிக் கடைசியில் அது வெற்றிலைக்காம்பு கிள்ளுகிற அகலத்துக்கு வந்தது. மூன்று பேரை ஒன்பது வருடத்தால் பிரித்து எனக்குக் காட்டியவர் அவர்தான். நான் கணக்கு வாத்தியாரானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரைக் கெடுத்தது இரத்தினபுரிதான். மாணிக்கக் குழியில் வேலை செய்த ஒரு சகலையிடம் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். வந்தவர் வாயில் கெவுடா கதை மட்டும்தான். பாலில் தண்ணீர் கலந்ததுபோல மங்கலான கல். யாரும் சீண்டாமல் கிடந்ததை 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து சும்மாபோல விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 1,500 பாகைக்கு மேல் சூடேற்றினார்கள். அசல் நீலக்கல்லாகி உலகமெங்கும் விலைபோனது. கதை நிஜம். அதிலிருந்து இரத்தினபுரிக்காரர்கள் கல்லைச் சுடும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். மாமா கற்றுக்கொண்டது வேறு: "எதையும் சுட்டுப் பாத்துத்தான் வாங்கணும்."

அதன்பிறகு தீப்பெட்டி இல்லாமல் அவர் கடைத்தெருவுக்குப் போனதில்லை. சேலையில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவார். சாம்பலானால் பருத்தி, உருகி மணியானால் நைலோன். சோதனையில் தப்பில்லை; புடவைக்கடைக்காரர்கூட ஒப்புக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொண்டுவந்த கூறைச்சேலையில், பந்தலில் எல்லாரும் பார்க்க, நூலை உருவியதற்கு அத்தை மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. "பட்டுதான்" என்று அவர் சத்தமாகத் தீர்ப்புச் சொன்னது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாமாவின் கட்சி. அவருடைய மகள் ஒருமுறை கொழும்பிலிருந்து நீட்டுத்தூள் கொண்டுவந்தாள், தங்கநிறப் பெட்டியில். சபரகமுவைத் தாழ்நிலத் தேயிலைக்குப் பெருமையே அந்தக் கறுத்து முறுக்கிய இலைதான். அரபு நாட்டுக்கும் ரஷ்யாவுக்கும் போவது. 1883-இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இலையின் அழகுக்கே விலை ஏறும். தோட்டத்தில் நாங்கள் குடிப்பது அதே மரத்துக் கொழுந்தைச் சலித்துச் சலித்துக் கடைசியில் விழுகிற டஸ்ட். மாமா பெட்டியைத் திறந்து முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார், ஊற்றிக் குடித்தார்.

"நல்ல தூள்தான். ஆனா சாயம் எறங்குறதுக்குள்ள காலப் பெரட்டுல பேரு கூப்பிட்டு முடிஞ்சிரும். ஒரு கரண்டி டஸ்ட் போட்டா அஞ்சு பேருக்கு ரத்தம் மாதிரி சாயம். அது பாக்குற தூளு, இது குடிக்கிற தூளு" என்று சொல்லிவிட்டுச் சீனியைக் கடித்துக்கொண்டார். பாவிக்கிற வேலைக்கு எது உதவுமோ அதுக்குச் சல்லியைக் கொடு, பார்வைக்குக் கொடுக்காதே. இதைவிட நல்ல புத்தி எனக்கு யாரும் சொன்னதில்லை.

சொன்னவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு குடை இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னர் புறக்கோட்டையில் வாங்கியது. மரப்பிடி, பத்துக் கம்பி, அன்றைய கணக்கில் ஆறு பேர். வாங்கிய கவரைக் கழற்றாமல், அதன்மேல் ஒரு சீனிப்பை, அதன்மேல் அத்தையின் பழைய பாவாடை சுற்றிக் கட்டியிருந்தார். மழை பெய்தால் மாமா உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். காலுக்கு அட்டைக்காகச் சவுக்காரம், தலைக்குச் சாக்கு.

"கொட இருக்கே மாமா?"

"இந்த மழைக்கா? நல்ல கொட, நனஞ்சிரும்."

வாத்தியார்ப் புத்தி சும்மா இருக்கவிடவில்லை. கத்தியின் கணக்கையே எடுத்தேன். ஆறு பேரை எத்தனை நாளால் பிரிப்பது? ஒரு நாளும் பாவிக்கவில்லையே, பூச்சியத்தால் பிரிக்க முடியாதே என்றேன். பாவமாக என்னைப் பார்த்தார்.

"பாவிக்கிற சாமான் தேயும். பாவிக்காத சாமான் தேயுமா? தேயாட்டி எத்தன வருசம் இருக்கும்? காலத்துக்கும் இருக்கும். ஆறு பேரக் காலத்தால பிரிச்சுப் பாரு. சும்மா கெடச்ச மாதிரி."

கரும்பலகை இருந்திருந்தால் சோக்கை அவரிடமே கொடுத்திருப்பேன்.

போன வைகாசியில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எதிர்மலையே தெரியவில்லை. கையில் ஸ்கூல் கடுதாசி பைல், கீழே கடைசி பஸ். மாமா வாசலில் ஒதுங்கி நின்றேன். அவர் பைலைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், நெடுநேரம் கழித்து, "வாத்தியாரு நனையக்கூடாது" என்று உள்ளே போனார். அடுப்படியில் அத்தை கரண்டியை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தார். கல்யாணப் பந்தலுக்குப் பிறகு அந்தக் காம்பராவில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

பாவாடை அவிழ்ந்தது. சீனிப்பை அவிழ்ந்தது. கவர் கிழிந்தது. மாமா குடையை வாசலுக்கு வெளியே நீட்டி, மெல்ல விரித்தார்.

சீலை மடிப்பு மடிப்பாகப் பிரிந்து பத்துத் துண்டாகத் தொங்கியது. கம்பிகள் துருப்பிடித்து மாட்டுக்கொம்பு நிறத்தில் இருந்தன. உள்ளேயிருந்து ஒரு கரப்பான் இறங்கி அவர் கையில் ஏறி, அவசரமில்லாமல் தோள்வரை போனது. பத்துக் கம்பிக்கு நடுவில் மழை நேராக அவர் முகத்தில் விழுந்தது.

மாமா அந்த எலும்புக்கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரிஜினல் ஒரிஜினல்தான் மருமகனே" என்றார். "பதினோரு வருசம். ஒரு சொட்டு ஒழுகியிருக்குமா?"

பிறகு ஆணியில் தொங்கிய சாக்கை எடுத்து என் தலையில் போட்டுவிட்டார்.