ஊதற்பருவம்: ஆண்டு நிறைவுக் கேக்கும் குழவி உபகரணங்களும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பெருமக்கள் குழந்தைப் பிராயத்தைக் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாக வகுத்து, சந்திரனை விளையாட வரும்படி அழைப்பதற்கென்று ஒன்றையும், ஆண்பிள்ளையாயின் சிறுதேர் உருட்டுவதற்கென்று ஒன்றையும், பெண்பிள்ளையாயின் ஊசலாடுவதற்கென்று ஒன்றையும் விஸ்தாரமாகப் பாடி வைத்தவர்கள், இக்காலத்தில் பெரும்பாலான கிருகங்களில் நிகழ்வதும், ஏனைய பருவங்கள் அனைத்தினும் செலவு மிகுந்ததுமான ஒரு பருவத்தைப் பாடாமலே விட்டுவிட்டார்கள். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிய தினத்தில், வீட்டிலேயே செய்த கேக்கு ஒன்றின்மீது மெழுகுவர்த்தி ஏற்றி, குழந்தை அதனை ஊதி அணைக்கும் என்று பந்துமித்திரர் சகலரும் எதிர்நோக்கி நிற்க, குழந்தை ஊதாமல் விழித்துக்கொண்டிருக்கும் பருவம் அது. இதற்கு ‘ஊதற்பருவம்’ என்று நாமகரணம் செய்து பதினோராவதாகச் சேர்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. பத்தென்னும் தொகையைக் கலைப்பது மரபன்று எனப் பண்டிதர்கள் சினக்கக்கூடும். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பேரப்பிள்ளை கேக்கு வெட்டும் புகைப்படம் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு விவாதத்தைத் தொடரலாம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. ‘கேக்’ என்று ஒற்றோடு நிறுத்திச் சொல்லும் நவநாகரிக இளைஞர்கள், வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நில்லாது என்னும் விதியை அறியாதவர்கள்; ‘கேக்கு’ என்று உகரம் கூட்டி உச்சரிக்கும் கிராமத்துக் கிழவியோ, பள்ளிக்கூட வாசலை மிதியாதவளாயினும், அச்சொல்லை வன்தொடர்க் குற்றியலுகரமாக்கித் தமிழில் குடியேற்றிவிட்டவள். எனவேதான் கேக்குக் கத்தி, கேக்குத் தட்டு, கேக்குப் பெட்டி என வல்லினம் மிகுத்து எழுதுவது சாஸ்திர சம்மதமாகிறது. இதனைச் சுடுகின்ற பெட்டிக்கு நம்மவர் தமிழெழுத்தில் ‘அவன்’ என்று எழுதுவதால் விளையும் சங்கடம் தனி. அவனின்றி அணுவும் அசையாது என்பது மெய்யே. ஆனால் கேக்கு அவனின்றியும் எழும் என்பதைப் பின்னர் நிறுவுவோம்.

இனி மெழுகுவர்த்தியின் பூர்வோத்தரம். ஜெர்மனி தேசத்தில் மொராவியச் சகோதரர் என்னும் கிறிஸ்தவ சங்கத்துக்குத் தலைவராயிருந்த சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளில், 1746ஆம் ஆண்டு, பெரிய கேக்கு ஒன்றைச் செய்து, அவருடைய வயதுக்குத் தக்கபடி துளைகளிட்டு, துளைக்கொரு மெழுகுவர்த்தி நட்டார்கள் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இதே சங்கத்தார் 1760இல் நம்முடைய தரங்கம்பாடிக்கு வந்து தோட்டமிட்டுக் குடியிருந்தார்கள் என்பது சரித்திரம். அவர்கள் அங்கே யாருக்கேனும் பிறந்தநாள் கேக்குச் செய்தார்களா என்பதற்கு ஆதாரம் காட்ட இயலாதாயினும், சோழமண்டலக் கடற்கரையில் அடிக்கும் காற்றுக்கு மெழுகுவர்த்தி நின்றெரிந்திராது என்பதை அநுமானப் பிரமாணத்தாலேயே முடிவு செய்துவிடலாம்.

கேக்கை ஏற்பதில் நம் நாட்டார்க்குத் தடை ஒன்றுமில்லை. இனிப்பு எத்திசையிலிருந்து வந்தாலும் ஏற்கும் ஜாதி நாம். தடை ஊதுவதில்தான் இருந்தது. விளக்கை ‘அணை’ என்று சொல்லவும் நாக்கூசி, ‘குளிர வை’, ‘அமர்த்து’ என்று மங்கலமாக மொழிந்தும், அது தானே அணைந்துவிட்டால் ‘மலையேறிவிட்டது’ என்று உபசாரமாகச் சொல்லியும் பழகிய சமூகத்தில், ஆண்டு நிறைவு நாளன்று குழந்தையின் முன்னே தீபத்தை ஏற்றி அதனை வாயாலே ஊதி அணைக்கும்படி கற்பிப்பது சாமானியமான புரட்சியன்று. என் தாயார் இதனைக் கண்டபோது சொன்ன ஆட்சேபம் இரண்டு: ஒன்று, விளக்கை ஊதலாகாது, மற்றொன்று, எச்சில். முதலாவது ஆட்சேபத்துக்கு விஞ்ஞான ஆதாரம் தேடுவது வீண். இரண்டாவதற்கோ, அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017இல் பரிசோதனை நடத்தி, ஊதப்பட்ட சர்க்கரைப் பூச்சில் ஊதப்படாததைவிடக் கிருமிகள் சுமார் 1400 சதவீதம் மிகுந்திருந்ததாகக் கண்டு வெளியிட்டார்கள். நான்கெழுத்துச் சொல்லொன்றில் நம் பாட்டிமார் அடக்கிவிட்ட விஷயத்துக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வுக்கூடமும் வேண்டியிருந்தன.

இனி பாக சாஸ்திரம். இத்துறையின் ஆதிபுருஷர்களுள் நான் முதலிடம் அளிப்பது ஆங்கில நாட்டுப் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்பிரட் பேர்டு என்னும் இரசாயனக் கடைக்காரருக்கு. அவருடைய மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்ட்டும் ஒவ்வாது. இந்நிலையில் சாதாரணக் கணவன்மார் ‘இன்னொன்றைத் தின்னேன்’ என்று சொல்லிப் பத்திரிகையில் முகம் புதைப்பார்கள். பேர்டோ, முட்டையில்லாக் கஸ்டர்டை 1837இலும், பேக்கிங் பவுடரை 1843இலும் செய்து முடித்தார். முட்டை சேர்ந்த பண்டம் படியேறாத நம் வீடுகளில் ஆண்டு நிறைவுக் கேக்கு எழும்பி நிற்பதற்கு அந்தப் பத்தினிவிரதரே காரணம் என்றால் மிகையாகாது.

என் மகள் தன் புதல்வனின் ஆண்டு நிறைவுக்குச் செய்த கேக்கின் அளவை இங்கே பதிவு செய்கிறேன்: மைதா ஒன்றரை டம்ளர், சர்க்கரை முக்கால் டம்ளர், புளித்த தயிர் ஒரு டம்ளர், வாசனையற்ற எண்ணெய் அரை டம்ளர், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி. தயிரில் சர்க்கரையைக் கரைத்துச் சோடாவைத் தூவியவுடன், தயிரின் புளிப்பும் சோடாவின் காரமும் கலகம் செய்து கரியமில வாயுவை எழுப்ப, பாத்திரம் நுரைத்துக்கொண்டு மேலே வரும். அந்த நுரை அடங்குவதற்குள் மாவைச் சேர்த்து, மிகையாகக் கிளறாமல் அடுப்பேற்றிவிட வேண்டும். தோசை மாவைக் கரைத்துப் பழகிய கை இங்கேதான் தவறும். கிளறக் கிளற மைதாவின் பசை இறுகிக் கேக்கு ரப்பராகும்.

அடுப்பேற்றுவது எதனில் என்பதே முக்கியம். 1679இல் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர், எலும்பையும் மிருதுவாக்கும் பொருட்டு, நீராவியை இறுக அடைத்து வைக்கும் கலமொன்றை லண்டனில் உருவாக்கினார். இன்றைய பிரஷர் குக்கர் அதன் வம்சம். நீராவியை அடைக்க அவர் பட்ட பாடனைத்தும் வியர்த்தமாகும்படி, நம் பெண்மணிகள் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, வெயிட்டையும் எடுத்து வைத்துவிட்டு, நீருக்குப் பதிலாக அடியில் இரண்டு விரற்கடை மணலைப் பரப்பி, அதன்மேல் கேக்குப் பாத்திரத்தை வைத்து மூடுகிறார்கள். இது அறியாமையன்று. வெயிட்டுப் போட்டு நீர் வைத்த குக்கருள் உஷ்ணம் சுமார் 120 பாகைக்கு மேல் ஏறாது. அதில் ஈரமும் நிறைந்திருப்பதால் மாவு வெந்து இனிப்பு இட்டிலியாகுமேயன்றிச் சிவக்காது. மணலோ, கடலை வறுப்பவரும் பொரி பொரிப்பவரும் நெடுங்காலமாக அறிந்தபடி, உஷ்ணத்தைச் சேமித்துச் சீராகக் கொடுப்பது. அந்த வறண்ட உஷ்ணத்தில்தான் கேக்கின் மேற்புறம் பொன்னிறமாகி மணக்கிறது. இந்தச் சிவப்பின் இரசாயனத்தை 1912இல் விளக்கிய மையார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. ஆகவே குக்கர்க் கேக்கின் உண்மையான மூதாதை பாப்பினுடைய கலம் அன்று, கடலை வண்டிக்காரருடைய வாணலியே. இவ்விதம் மணலுக்கு நேர்ந்துவிட்ட குக்கர் பிறகு பருப்புக்கு உதவாது என்பதும், அது வீட்டில் தனி அந்தஸ்துடன் பரண்மேல் வாசம் செய்யும் என்பதும் அநுபவத்தால் அறியப்படும்.

இவ்வாறு சகல சாஸ்திரமும் பொருந்தக் கேக்கு அடுப்பிலிருந்தபோது என் தமக்கையார் சமையலறைக்கு வந்தார்கள். “ஏண்டீ, இருபது நிமிஷமாச்சு, ஒரு விசில்கூட வரலையே?” என்றார்கள்.

“விசில் வராது அத்தை. வெயிட்டே போடலை.”

“வெயிட்டுப் போடாம எப்படிடீ வேகும்?” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார்கள்.

குமிழிகள் பெருத்து, அவற்றைச் சூழ்ந்த மாவு இன்னும் இறுகாத அந்த வேளையில் குளிர்காற்றுப் பட்டால், வாயு சுருங்கி நடுப்பகுதி அமிழ்ந்துவிடும் என்பது பௌதிக விதி. விதி அத்தை முறையை மதிப்பதில்லை. நடுவில் விழுந்த பள்ளத்தை வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்து நிரப்பிச் சமன் செய்தாள் என் மகள். வெந்த பதம் காண்பதற்குப் புதுத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கே சிறந்தது என்பதையும், துடைப்பம் புதிதென்று விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்க.

உபகரணங்களுக்கு வருவோம். புதிதாகப் பெற்றோரானவர்க்கு வேண்டிய பொருள் யாது என்னும் வினாவுக்கு, அன்றைய விருந்தினர் மூவர் ஒரே விதமாக ‘வாக்கர்’ என்று விடையளித்திருந்தார்கள். வீட்டில் மூன்று வாக்கர்கள் சேர்ந்தன. குழந்தையை நடுவில் இருத்தி, சக்கரங்களின் மேல் உருளவிடும் இக்கருவி நடையைக் கற்பிப்பதில்லை, படிக்கட்டைக் கற்பிக்கிறது என்று கண்டு, கனடா தேசத்தார் 2004இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். நம் பழைய மர நடைவண்டியோ, குழந்தை பின்னே நின்று தள்ளுவதாகையால் கால் தரையை அறிகிறது. பட்டினப்பாலையில், சோழநாட்டு வீட்டு முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியின்மேல் ஒருத்தி காதணியைக் கழற்றி எறிய, அது பிள்ளைகள் உருட்டி வரும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடந்த செய்தி வருகிறது. குழவி வாகனத்துக்கு நேர்ந்த போக்குவரத்து இடையூறுகளுள் தமிழில் இதனினும் பழையதை நான் கண்டதில்லை.

மடக்கும் தள்ளுவண்டி ஒன்றும் வந்திருந்தது. ஸ்பிட்பயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரங்களில் வேலை செய்த ஓவன் மக்லாரன் என்னும் பொறியியலார் 1965இல் வகுத்த அமைப்பு அது. விமானம் இறங்கும் தளத்துக்கென யோசிக்கப்பட்ட அவ்வறிவு எங்கள் தெருவின் பள்ளங்களுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. எனினும் தண்ணீர்க் கேன் கொண்டுவர அதனினும் சிறந்த வாகனம் இல்லை. பாற்புட்டி தந்தவர் எவருமில்லை. அதன் விளம்பரத்தையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருப்பது காரணமாயிருக்கலாம். கொண்டுவந்தால் பாட்டியிடம் பேச்சு வாங்க நேரும் என்பது அதனினும் பெரிய காரணமாயிருக்கலாம். மூக்கு நீண்ட பாலாடையால் புகட்டுவதைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் கைக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளைப் பிடித்திருக்க முடியாது.

எனினும் அவ்வீட்டில் பயன்பட்ட உபகரணம் ஒன்றே: என்னுடைய பழைய எட்டு முழ வேஷ்டி. உத்திரத்துக் கொக்கியில் கட்டினால் தூளி. கிழித்தால் இடுப்புத் துணி. மடித்தால் குக்கரை இறக்கும் பிடிதுணி. விரித்தால் ஆறும் கேக்கின்மேல் ஈ மொய்க்காத திரை. தூளியின் ஆட்டத்தைக் கலிலியோவின் ஊசல் கணக்கோடு ஒத்திட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டர் நீளத் தூளி ஒரு முறை போய் வரச் சுமார் 2.8 விநாடி ஆகும். இக்காலம் நீளத்தைப் பொறுத்ததேயன்றி எடையைப் பொறுத்ததன்று. குழந்தை எவ்வளவு கொழுத்தாலும் தாலாட்டின் தாளத்தை மாற்ற வேண்டியதில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு விருந்தினர் அனைவரும் கூடியிருக்க, விழாநாயகன் அந்தத் தூளியில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். கேக்குக்குரிய மெல்லிய வர்த்தி வாங்க மறந்துபோனமையால், மின்தடைக்கென்று அலமாரியில் வைத்திருந்த தடித்த மெழுகுவர்த்தியையே, தமக்கையார் உண்டாக்கிய பள்ளத்தில் நட்டிருந்தார்கள். மின்விசிறி சுழன்றால் வர்த்தி அணைகிறது. நிறுத்தினால் வெண்ணெய் உருகுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே என் மருமகன் சுவிட்சருகில் நின்று தவித்துக்கொண்டிருந்த தருணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று.

இருட்டில் அந்த ஒரு வர்த்திதான் எரிந்தது. அதை ஊதச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. புழுக்கத்தால் குழந்தை விழித்துக்கொண்டான். தூக்கி வந்து வாக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். அதற்குள்ளிருந்து வேறெதையும் விரும்பாதவனாகச் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியைக் கண்டபடி இறக்கி, எச்சிற்படாத கேக்கை எல்லாருக்கும் பங்கிட்டார்கள். என் தாயார் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார்கள். பத்து நிமிஷம் கழித்து மின்சாரம் வந்தது, விசிறி சுழன்றது, வர்த்தி மலையேறிற்று. எல்லாரும் கை கொட்டினார்கள்; பெட்டிக்குள்ளிருந்தவனும் தன் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டினான். அது சப்பாணிப் பருவம். புலவர்கள் அதை ஏற்கெனவே பாடியிருக்கிறார்கள்.