உச்சுக்கொட்டலும் ஆல்ட்ரேஷன் கூலியும்: ஒரு மூலபாட ஆய்வு

1. ஆய்வின் தேவை

கல்யாண வரவேற்புக்கென்று தைத்து, ஒரே ஒரு மாலை போட்டு, பின் பீரோவில் பாச்சை உருண்டையோடு குடித்தனம் நடத்தும் கோட்டு, தம்பி கல்யாணத்துக்கு வெளியே வரும்போது அண்ணனுக்கும் பொருந்தாது, தம்பிக்கும் பொருந்தாது. அப்போது ஆகும் செலவைப் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை. யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்காமலேயே இந்த வாக்கியத்தை எழுதுவது ஆய்வு மரபு.

2. ஆய்வுக்களம்

மதுரை. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் நெடுங்காலம் ஓடின. பின்னர் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தன. தூண்களை அங்குலம் அங்குலமாக அளந்த அறிஞர்கள், தூணடியில் டேப்போடு உட்கார்ந்திருந்தவரிடம் கூலி என்னவென்று கேட்டதாகத் தெரியவில்லை. அளவெடுப்பதில் அவர்களுக்குள் போட்டி இருந்திருக்கலாம்.

3. வகைப்பாடு

நன்னூலார் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். கோட்டு சூட்டுக்கும் அம்மூன்றே.

தோன்றல்: பட்டன் வைப்பது. கூலி சில்லறை.

கெடுதல்: பேண்ட் உயரத்தைக் குறைத்து அடி மடிப்பது. ஐம்பதோ நூறோ.

திரிதல்: கோட்டில் உடம்பு பிடிப்பது. லைனிங்கைப் பிரித்து, சாக்கால் கோடு கிழித்து, ஓட்டுத்தையல் போட்டு, ஆளுக்கு மாட்டிப் பார்த்து, மிஷினில் அடித்து, தையலை விரித்து அயர்ன் போட்டு, மறுபடி லைனிங்கைக் கையால் மூட வேண்டும். கை நீளத்தைக் குறைக்கக் கேட்டால் மாஸ்டர் முதலில் மணிக்கட்டுப் பக்கம் பார்ப்பார். அங்கே பட்டன் சும்மா ஒட்டியிருந்தால் பிழைத்தோம். நிஜமாகவே காஜா வெட்டியிருந்தால் கீழே கத்தரி வைக்க முடியாது. கையையே தோளில் கழற்றி, மேலே குறைத்து, திரும்பப் பூட்ட வேண்டும். கூலி அங்கே தாவுகிறது. தோள் அகலத்தைக் குறைப்பது நன்னூலாரும் தொடாத இடம். “பேசாம புதுசாத் தைச்சுருங்கண்ணே.”

4. ‘உச்’ கோட்பாடு

கூலியைத் தீர்மானிப்பது துணியோ, நேரமோ, நூலோ அல்ல என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. கோட்டை மேஜையில் விரித்ததும் மாஸ்டர் எழுப்பும் ‘உச்’ என்ற ஒலியே கூலி (ரசீது, முன்பக்கம்). இது ஒற்றை உச், இரட்டை உச், தலையாட்டலோடு கூடிய உச் என முத்திறப்படும். மூன்றாவதன் பின் “இது எங்க தைச்சது?” என்னும் கேள்வி தவறாமல் வரும். எந்தக் கடைப் பெயரைச் சொன்னாலும் நான்காவது உச் பிறக்கும் (அதே ரசீது, பின்பக்கம், டீக்கறைக்குத் தென்மேற்கே).

இதில் இரு பள்ளிகள் உண்டு. உச் பிறந்த பிறகே விலை பிறக்கிறது என்பது முந்து உச் பள்ளி. கல்யாணத் தேதியைக் கேட்டதுமே விலை பிறந்துவிடுகிறது, உச் வெறும் அசைநிலை என்பது பிந்து உச் பள்ளி (பெஞ்சில் காத்திருந்த பெரியவர், நேர்ப்பேச்சு; அதை மறுத்து அவர் மனைவி, அதே பெஞ்ச், இடது ஓரம்; இருவரையும் மறுத்துக் காஜா எடுக்கும் பையன், வாயில் ஊசி இருந்தமையால் பாடம் சிதைந்துள்ளது; அவன் புருவத்தைக் கொண்டு ஊகித்துப் பதிப்பிக்கப்பட்டது).

அடுத்தது பாடபேதம். ரசீதில் இருப்பது 350 என்றும் படிக்கலாம், 850 என்றும் படிக்கலாம். கொடுப்பவர் மரபு முன்னதையும் வாங்குபவர் மரபு பின்னதையும் போற்றுகின்றன. ஒரு நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் கண்ணிமைக்காத பேராசிரியர்கள்கூட, இங்கே ஐந்நூறு ரூபாய்க்குக் குரலை உயர்த்துவது ஆராயத்தக்கது.

5. முடிவுரை

நன்றாகச் செய்த ஆல்ட்ரேஷன் கண்ணுக்குத் தெரியாது. பிரித்த தடமும் இல்லை, தைத்த தடமும் இல்லை. ஆகவே வேலையே நடக்கவில்லை என்று மணிபர்ஸ் வாதிடுகிறது. ஒருவர் அரை நாள் குனிந்து உட்கார்ந்து இல்லாமல் ஆக்கிய சுருக்கத்துக்கு எப்படிப் பணம் கொடுப்பது? இதற்கு நேர்மாறான துறையும் உண்டு. முன்னவர் ஆய்வேட்டின் லைனிங்கைத் தொடாமல், தலைப்பில் ஒரு பட்டனை மட்டும் மாற்றி வைத்தால் அங்கே முனைவர் பட்டம் தருகிறார்கள். யாரும் உச் கொட்டுவதில்லை.

மேலாய்வுக்கு உரியது ப்ளவுஸ் ஆல்ட்ரேஷன். அதற்குத் தனிப் பல்கலைக்கழகமே வேண்டும் என்பதால் இங்கே தொடவில்லை.

பாடபேதத்தைப் பொறுத்தவரை, இரு தரப்புச் சான்றுகளையும் நடுநிலையோடு சீர்தூக்கி, 850 என்பதையே மூலபாடமாகக் கொள்கிறோம். கல்யாணம் நாளை மறுநாள். கோட்டு மாஸ்டரிடம் இருக்கிறது.