நாயா, பௌத்தனா?

பல பண்பாட்டினர் கலந்து வாழும் நகரங்களின் இளையோருக்குப் பிறரது சமயத்தையும் மொழியையும் மதிக்கப் பயிற்றுவிப்பதே பண்பாட்டிடைக் கல்வி எனப்படுகிறது. அதை அண்மைக்காலக் கண்டுபிடிப்பாகக் கருதுவோர், காஞ்சிபுரம் 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பாடத்தில் தேறாத ஊர் என்பதை அறிந்து ஆறுதல் கொள்ளலாம். முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் பிரகசனம், அதாவது எள்ளல் நாடகம், இவ்வூரிலேயே நிகழ்கிறது. அதில், பிச்சையேற்கும் மண்டையோட்டைத் தொலைத்துவிட்ட காபாலிகன் என்னும் சைவத் துறவி, உள்ளே வறுத்த இறைச்சி இருந்ததால் அதை எடுத்தது நாயாகவோ பௌத்தனாகவோ இருக்க வேண்டும் என்று பாதி சரியாகவே ஊகித்துவிட்டு, பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். நடுவராக வந்த, வேறொரு சைவப் பிரிவைச் சேர்ந்த பாசுபதனாலும் வழக்குத் தீரவில்லை. கடைசியில் நாய்தான் குற்றவாளி என்று தெரிகிறது.

பிற்காலத்தில் பாடம் இன்னும் நுட்பமாயிற்று. வேற்றுச் சமயத்தாரை விடுங்கள், ஒரே பெருமாளை வணங்கும் வைணவப் பிரிவினரான வடகலையாரும் தென்கலையாருமே இவ்வூர் வரதராசப் பெருமாள் கோயிலில் எவர் எதை ஓதலாம் என்பதை நீதிமன்றப் படியேறி முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. இவ்வூர்ப் பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் மரபான ‘கோர்வை’ முறையோ, தறியில் இருவர் கை ஒத்துப்போனாலன்றி நகராது. ஆனால் அந்த ஒத்துழைப்புக்குச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை, கூலி மட்டுமே, அதுவும் பேரம் பேசித்தான்.