இலைக்குக் கலங்கல் கிடையாது

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கு ஆண்டுதோறும் வேப்பங்கன்று கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, ஒரு வருடம் ஆளுக்கொரு பீங்கான் கிண்ணத்தில் சக்குலன்ட் செடி கொடுத்தார்கள். குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் நம்மவருக்கும் ஒன்று கிடைத்தது. பெயர் எதற்கு, ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் ‘குவாலிட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்காக ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவர்.

செடி எச்செவேரியா. கல்லில் செதுக்கிய தாமரை போல இருக்கும். மெக்சிகோ மலைப்பகுதிக்காரி. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே செடிகொடிகளைப் படமாக வரைந்த அத்தானசியோ எச்செவேரியா என்ற ஓவியரின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஓவியர் பெயர் வைத்த தோஷமோ என்னவோ, நம்மவர் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே நிறம் மாற ஆரம்பித்துவிட்டது. அடியிலைகள் மஞ்சளாகி, பிறகு கண்ணாடி போலாகி, விரல் பட்டதும் ‘சளக்’கென்று கழன்று விழுந்தன.

பார்ட் ஃபெயிலானால் தொழிற்சாலையில் என்ன செய்வார்கள்? ஐந்து ‘ஏன்’ கேட்பார்கள். டொயோட்டா கம்பெனி உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த முறை. நம்மவர் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தார். இலை ஏன் விழுந்தது? அழுகியதால். ஏன் அழுகியது? தண்ணீர் அதிகம். ஏன் அதிகம்? விசாரணையில் தெரியவந்தது: ஏ ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவர் ஒரு டம்ளர் ஊற்றுகிறார். “வாடின மாதிரி இருந்துச்சுங்க” என்று மதியம் மனைவி ஒரு டம்ளர். சாயங்காலம் துளசிக்கு ஊற்றிய மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் அம்மா. ஆக, மூன்று ஷிப்ட். சரி, ஊற்றிய தண்ணீர் ஏன் வெளியேறவில்லை? கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஓட்டையே இல்லை. செடியும் கையோடு வந்தது. வேர் வெந்த கீரைத்தண்டு போலக் குழைந்து, சாக்கடை வாடை வீசியது.

‘ரூட் காஸ்: ரூட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் தினமும் பைக்கில் தாண்டிப்போகும் நீர்த்தேக்கத்தைப் பார்த்திருந்தாலே இது புரிந்திருக்கும். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, சுமார் 380 கோடி ரூபாயில் கட்டி, 2020 நவம்பரில் திறந்தார்கள். சென்னைக் குடிநீருக்கு இது ஐந்தாவது ஏரி. கொள்ளளவு அரை டிஎம்சி. சதைப்பற்றுள்ள இலையும் ஓர் ஏரிதான். மழை வந்தால் நிரப்பிக்கொண்டு, வராத மாதங்களை அதை வைத்தே ஓட்டும். ஒரே வித்தியாசம், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாகப் போய்விடும். இலைக்குக் கலங்கல் கிடையாது. வேர் உறிஞ்சி அனுப்பிக்கொண்டே இருந்தால் உள்ளே செல்கள் வெடிக்கும். வெடித்த இடம் சில செடிகளில் தக்கை போலச் சொரசொரப்பாகும், சிலவற்றில் கூழாகும்.

போதாக்குறைக்கு, இந்த வகைச் செடிகளுக்கு நிரந்தர நைட் ஷிப்ட். மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது ஈரமும் ஆவியாகப் போய்விடும். இவை வெயில் தாழ்ந்தபின் திறந்து, வாங்கியதை மாலிக் அமிலமாக்கிச் சேமித்து, விடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்படிக் கஞ்சத்தனமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு நாளுக்கு மூன்று டம்ளர்!

வைத்தியம் எளிது. அழுகியதை நல்ல திசு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய தலையை மண்ணில் வைக்காமல் நிழலில் நாலைந்து நாள் காயவிட வேண்டும். வெட்டுவாய் காய்ந்து மூடியபின் ஓட்டையுள்ள மண்தொட்டியில், செம்மண்ணோடு பருமணலும் உடைத்த செங்கல் துண்டும் தாராளமாகக் கலந்து நட வேண்டும். விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் தண்ணீர். நம்மவர் இதையெல்லாம் சரியாகச் செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

குற்ற உணர்ச்சியில் ஆறு வாரம் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. இலைகள் சுருங்கின. ‘மறுபடி அழுகலா?’ என்று பயந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியும்: அதிகம் குடித்த இலை கொழகொழக்கும், தாகத்தில் இருப்பது ரொம்ப நேரம் குளித்தவன் விரல்நுனி போலச் சுருங்கி, துவண்டு வளையும். அடியில் ஒன்றிரண்டு இலை அப்பளமாகக் காய்ந்து போவதோ வெறும் முதுமை. அதற்கு ரிப்போர்ட் எழுத வேண்டியதில்லை. அவர் எழுதினார். வெளிச்சக் குறைவு என்று முடிவுகட்டி நேரே மொட்டைமாடி வெயிலில் வைத்தார். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு அனுப்பினால் இலை வெந்து வெளிறும். அந்தத் தழும்புக்கு ரீவொர்க் கிடையாது. பயந்துபோய் டிவி மேல் கொண்டுவந்து வைத்தார். வெளிச்சம் தேடித் தண்டு நீண்டது.

“ஏம்பா, இது என்ன முருங்கையாட்டம் போவுது?” என்றார் அம்மா. “வேலியில கெடக்குற பிரண்டைக்கு நான் என்னிக்காச்சும் தண்ணி ஊத்தியிருக்கேனா?” பிரண்டையும் சதைப்பற்றுச் செடிதான். அம்மாவுக்கு அது தெரியாது, துவையலுக்கு எத்தனை கணு என்பது தெரியும்.

உச்சகட்டம் இனிமேல்தான். இலை முழுக்க மெல்லிய வெண்பொடி படிந்திருப்பதை ஒருநாள் கவனித்தார். அழுக்கு! ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து வைத்தார். அது செடி தனக்குத்தானே பூசிக்கொண்ட மெழுகு. வெயிலையும் ஈரத்தையும் தடுப்பது. துடைத்த இலையில் மறுபடி அது முழுசாக வராது. உண்மை தெரிந்து நொந்துபோனவர், அடுத்த மாதம் இலைக்கக்கத்தில் பஞ்சு பஞ்சாக வெள்ளை தெரிந்தபோது, மெழுகு திரும்பி வருகிறது என்று பூரித்து யாரையும் தொடவிடவில்லை. அது மாவுப்பூச்சி. எறும்புகள் வரிசைகட்டி வந்து அதன் தேன்கழிவை நக்கிக்கொண்டிருந்தன. கடைசியில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காதுகுடையும் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது. கொரோனா காலத்து சானிடைசர் வாசனையில் வீடே மணந்தது.

இந்த ஏமாற்றத்துக்கு மெட்ராசில் மூதாதையர் உண்டு. ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் தரும் காச்சினீல் பூச்சி பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர் கைப்பிடியில். அதுவும் மாவுப்பூச்சிக்கு உறவு, கள்ளியில் வெண்பஞ்சாக ஒட்டி வாழ்வது. 1780களின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், பூச்சி வரும் என்று நம்பி சைதாப்பேட்டைப் பக்கம் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது வேறு இனம். சாயம் மட்டம்; பசி மட்டும் பிரமாதம். ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைக் காடு காடாகத் தின்று தீர்த்தது. பிறகு கள்ளியை ஒழிக்க அதையே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேண்டுமென்றே விட்டார்கள். களைச்செடியைப் பூச்சியால் அடக்கியதில் உலகின் முதல் வெற்றிகளில் ஒன்று என்று பாடப்புத்தகங்கள் இதைப் புகழ்கின்றன. நம்மவர் படித்துவிட்டு, “இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயிலியர்” என்றார்.

அடுத்த ஜூன் 5 வந்தது. மறுபடி பீங்கான் கிண்ணம், மறுபடி எச்செவேரியா. மேடையிலேயே கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார், ஓட்டை இல்லை. வீட்டுக்கு வந்ததும் செடியை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மெயின்டனன்ஸில் இரவல் வாங்கிய ட்ரில்லைக் கிண்ணத்தில் வைத்து அழுத்தினார். நாலாவது நொடியில் அது இரண்டாகப் பிளந்தது. பீங்கானைத் துளைக்கும்போது சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். இப்போது பார்த்து அவர் விடவில்லை.