68-இல் நிற்கும் அண்ணை

கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் எந்த வீட்டுக்கு எந்த எழுத்து என்பது அண்ணைக்கு மனப்பாடம். எதிர்வீடு டி, மூலைவீடு ஈ. 2007-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஆற்றல் சான்றிதழ், விற்கவோ வாடகைக்கு விடவோ போகும் வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்து கொடுக்கிறது. முகவரி தெரிந்தால் எவர் வீட்டுச் சான்றிதழையும் இணையப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். ஊர் வம்புக்கு அரசாங்கமே செய்துகொடுத்த வசதி.

விற்கப் பார்க்கும் அண்ணையின் வீட்டுக்கு 68 புள்ளி. சி எழுத்துக்கு 69 வேண்டும்.

நூறாண்டு கடந்த வீடு. செங்கல் சுவருக்குள் இடைவெளி இல்லாததால் பஞ்சு அடைக்க வழியில்லை. வெளியே காப்புப் போர்த்தினால் ஆயிரக்கணக்கில் பவுண்ட் போகும். மலிவான வழிகளில் இறங்கினார். பல்பெல்லாம் எல்ஈடி ஆயின. லொஃப்டில் 270 மில்லிமீட்டருக்குப் பஞ்சு ஏறியது. மதிப்பீட்டாளர் வரும் நாளில் விடியவே ஹீட்டிங்கைப் போட்டு வீட்டைச் சூடேற்றி வைத்தார். வந்த தமிழ்ப் பொடியன் சுவரையும் ஜன்னலையும் பொய்லரையும் பார்த்தானே தவிர, சூட்டை அளக்கவே இல்லை.

"தம்பி, இந்த ஃப்ரிட்ஜையும் எழுதுங்கோ. புதுசு."

"ஃப்ரிட்ஜுக்கு மார்க்ஸ் இல்லை, அங்கிள்."

"ஜன்னல் கேட்டின்? நல்ல தடிப்பம்."

"அதுக்கும் இல்லை."

ஆனாலும் 70 கிடைத்தது. அன்றே கேட்கும் விலையை ஐந்து சதவீதம் உயர்த்திவிட்டார். இங்கிலாந்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின் விற்பனையை அலசி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, டி வீட்டைவிட ஏ, பி வீடுகள் ஐந்து சதவீதம் கூடுதலாக விலைபோனதாகச் சொல்கிறது. சி வீட்டுக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை என்ற அடுத்த வரிவரை அண்ணை வாசிக்கவில்லை. வாங்கப் பார்த்திருக்கும் வீடும் சிதான். அங்கே பேச்சு வேறு: "ஒரு எழுத்தை நம்பிக் காசு குடுக்கேலுமோ?"

வாடகைக்கு விட்ட வீடு ஒன்றும் உண்டு. 2018 முதல் எஃப், ஜி வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 முதல் ஏற்கெனவே குடியிருப்போருக்கும் அதே சட்டம். ஈ எழுத்தின் கீழெல்லை 39. அந்த வீட்டுக்கு மிகச் சரியாக 39 வந்ததும் வேலையாட்களை ஏணியோடு அனுப்பிவிட்டார்.

கூடம் 21 பாகை வெப்பத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் சான்றிதழில் கணக்குப் போடுகிறார்கள். அண்ணை வீட்டுக் கூடம் ஜனவரியில் 16-ஐத் தாண்டாது.

"ஹீட்டிங்கைப் போடுங்கோவன், கை விறைக்குது" என்கிறார் அண்ணி.

"சி வீட்டில என்னண்டப்பா குளிரும்?" என்கிறார் அண்ணை, இரண்டாவது ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்தபடி.