காக்கா கூப்பிடுகிறார், விசா என்ன சொல்கிறது?

கேள்வி: சுவிஸில் இருக்கும் காக்கா, "வா, காரிலேயே இத்தாலி, ஆஸ்திரியா மலையெல்லாம் காட்டுறன்" என்கிறார். எதிலிருந்து திட்டமிடுவது?
– வாசகர், ஒலுவில்

பதில்: விசாவிலிருந்து. மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எங்கே அதிக நாள் தங்குவீர்களோ, அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். காக்காவின் பாசத்துக்கு அதில் சலுகை கிடையாது.

அடுத்தது மாதம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2757 மீட்டர் உயரம். நம் பீதுருதாலகாலை உச்சியே 2524 மீட்டர்தான். அதற்கும் மேலே கார் போகிறது! வடகிழக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். குளிர்காலத்தில் பனியால் பாதையை மூடிவிடுவார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை போவதே நல்லது. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டண வில்லை வாங்க வேண்டும்.

நீங்களும் ஓட்டுவதென்றால், ஒலுவிலின் சமதரை பயிற்சிக்கு உதவாது. அம்பாறை, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுப் பாதையில் பழகுங்கள். இறங்கும்போது சிறிய கியர் போடுங்கள். மிதித்தபடியே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காது. சுவிஸ் மலைத் தபால் வீதிகளில் மஞ்சள் தபால் பஸ்ஸுக்கே முன்னுரிமை. அதன் ஹாரன் கேட்டால் ஒதுங்குங்கள். சாரதி சைகை காட்டினால் பின்னுக்கும் எடுங்கள்.