எஞ்சிய துண்டு: பால்சா விமானக் கட்டுமானம் குறித்த சிற்றாய்வு

பால்சா விமானம் அட்டைப் பெட்டியில் அடைபட்டு வருவது. பெட்டியின் மேல் அது மேகங்களுக்கிடையே பறக்கும். பெட்டிக்குள் நான்கைந்து மென்பலகைகளாகப் படுத்திருக்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பசையாலும் பிளேடாலும் கடக்கும் முயற்சி கட்டுமானம் எனப்படும். உடன் வருவன: சில குச்சிகள், டிஷ்யூ தாள், பிளாஸ்டிக் சுழலி, ரப்பர் வளையம், வரைபடம், ஒரு விளக்கத் தாள்.

சொல்லாராய்ச்சி முதலில் வரவேண்டும் என்பது மரபு. பால்போல் வெளுத்து, எளிதில் சாய்வதால் 'பால்சா' ஆயிற்று என்பர் ஒரு சாரார். ஸ்பானிய மொழியில் அச்சொல் தெப்பத்தைக் குறிக்கிறது என்ற செய்தி அவர்களைத் தடுத்ததில்லை. செய்திகள் தடுத்திருந்தால் சொல்லாராய்ச்சி இவ்வளவு வளர்ந்திருக்காது. 1947-இல் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா அடிமரங்களைப் பிணைத்துக் கட்டிய 'கோன்-டிக்கி' தெப்பம், பெருவிலிருந்து 101 நாள் மிதந்து பாலினீசியத் தீவொன்றைச் சேர்ந்தது. ஆகவே மரம் மிதக்கும் என்பது முடிந்த முடிபு. பறக்குமா என்பதே எஞ்சிய வினா.

மரத்தின் அறிவியற்பெயர் ஓக்ரோமா பிரமிடாலே. தாயகம் நடு, தென் அமெரிக்கா. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஈக்வடாரில் விளைவது. வெண்டை, பருத்தி, பூவரசு ஆகியவற்றுக்கு இது பங்காளி. கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ எடை. தேக்கில் கால் பங்கு. கட்டைவிரல் நகம் பட்டாலே பள்ளம் விழும் இம்மரத்தைத் தாவரவியலார் வன்மரம் என்று வகுத்துள்ளனர். பூத்துக் காய்க்கும் மரங்கள் வன்மரம், ஊசியிலை மரங்கள் மென்மரம் என்பது விதி. வகைப்பாடு வந்தபின் மரத்தைத் தொட்டுப் பார்ப்பது முறையாகாது.

பிளேடு: வெட்டும், மரத்தையும்.

ஒட்டுப்படங்கள்: கோணலாக ஒட்டும்.

விளக்கத் தாள் நூற்பா நடையில் அமைந்தது; உரையின்றி விளங்காது. 'ஒட்டுக. உலர விடுக.' என்பது மூலம். இதன் உரை வருமாறு: எத்துணைப் பொழுது எனின், உலரும் வரை என்க. உலர்ந்தமை எவ்வாறு அறிதும் எனின், தொட்டு அறிக. தொட்டவழி விரல் ஒட்டின் உலர்ந்திலது. விமானமே விரலோடு வரின் உலர்ந்தது, ஆயின் விரலோடு உலர்ந்தது என்க.

கட்டும் முறையில் கருத்து வேறுபாடு குறைவு. மென்பலகை மேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் பாலித்தீன் தாள் பரப்பி, கோடுகளின் வழியே குச்சிகளை வைக்க வேண்டும். குண்டூசியைக் குச்சியின் ஊடே குத்தினால் பிளக்கும். இருபுறமும் அணைத்துக் குத்துவதே நெறி. பாலித்தீன் விரிக்க மறந்தவருடைய விமானம் வரைபடத்தோடு இரண்டறக் கலந்துவிடும். இதை வீடுபேறு என்று கொள்வோரும் உளர்.

இனி, பாகங்கள் மறைவது பற்றி. பலகையிலிருந்து பிரித்தெடுத்த சிறு துண்டுகள் காலை எட்டு மணியளவில் வீடு பெருக்கப்படும்போது அழிகின்றன. இந்நிகழ்வு துடைப்பக்கோள் எனப்படும். முதல் துடைப்பக்கோளில் வாற்சிறகின் தாங்கிகள் மறைந்தன; இரண்டாவதில் ஒரு சக்கரமே போயிற்று. மறைந்தவற்றின் பெருமை, கிடைத்தவற்றினும் பன்மடங்கு என்று எல்லா ஆசிரியரும் ஒருமுகமாகக் கூறுகின்றனர்.

மறைவதைவிடச் சிக்கலானது எஞ்சுவது. எல்லாம் ஒட்டி முடிந்தபின் மேசையில் ஒரு துண்டு கிடக்கும். நீள்சதுரம்; நடுவில் மெல்லிய வளைவு; எண் அழிந்திருக்கும். இத்துண்டு இடைச்செருகலே என்பது முதற்கொள்கை. மற்றத் துண்டுகளைவிட இதன் விளிம்பு வழவழப்பாக இருப்பதால் காலத்தால் பிற்பட்டது என்று இவர்கள் நிறுவுவர். தம் கருத்துக்கு ஒத்துவராததெல்லாம் இடைச்செருகல் என்னும் பொதுவிதியை வேறு துறைகளிலிருந்து கடன் வாங்கியதாக இவர்கள் மீது குற்றச்சாட்டு உண்டு. இரண்டாம் கொள்கையினர், இது வேறொரு விமானத்தின் பகுதி, பெட்டி கட்டியவர் ஏடு மாற்றிக் கோத்துவிட்டார் என்பர். அந்த வேறு விமானத்தை இத்துண்டு ஒன்றைக் கொண்டே மீட்டுருவாக்கி, அதன் விமானியின் பெயரும் ஊரும் கண்டு, ஊர் எந்த மாவட்டத்தது என்பதில் இவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு பிரிவு மறுப்பு நூலும், மறு பிரிவு மறுப்புக்கு மறுப்பும், இருவரும் சேர்ந்து ஒரு மணிவிழா மலரும் வெளியிட்டனர்.

துண்டை முறையாக அளந்த ஆய்வேடும் உண்டு. முதல் இயலில் அதன் நீளம் 31 மில்லிமீட்டர், மூன்றாம் இயலில் 33. நெறியாளர் இரண்டையும் ஏற்றுக் கையொப்பமிட்டார். முடிவுரை, மேலாய்வு தேவை என்கிறது. அந்த மேலாய்வுக்கு நிதி கோரும் விண்ணப்பம் பின்னிணைப்பில் உள்ளது.

துண்டு மூலத்தைச் சேர்ந்ததே, கட்டியவர்தாம் மறந்துவிட்டார் என்னும் மூன்றாம் கொள்கையும் ஒன்றுண்டு. விமானம் கட்டியவர் எவரும் இதை ஏற்றதில்லை.

அடுத்துத் தாள் போர்த்தல். டிஷ்யூ தாளை ஒட்டி, தண்ணீரைப் பனிபோல் தெளித்தால், காய்கையில் சுருங்கி மத்தளத் தோல்போல் விறைக்கும். அதிகம் தெளித்தால் சிறகும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சிறகைக் கலைநயம் என்று விளக்குவது வழக்கம். பின்னர்ச் சிறகின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அகலத்தில், இருபுறமும் விரல்நுனியில் தாங்கிப் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண் வைக்கப்படும்.

ரப்பரை முறுக்கி விமானம் விடும் கலைக்கு மூதாதை அல்போன்ஸ் பெனோ. 1871 ஆகஸ்டில் பாரிஸின் துயிலரி தோட்டத்தில் அவருடைய சிறுவிமானம் 11 வினாடியில் 40 மீட்டர் பறந்தது. இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விமானம் மொட்டை மாடியிலிருந்து விடப்பட்டது. சுழலியை நூறு சுற்று முறுக்கிக் கைவிட்டதும் நேராக ஏறி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது சிறகின் இரு பாதிகளும் நடுவில் மடிந்து, கும்பிட்ட நிலையில் தெருவில் இறங்கியது. சிறகின் பாதிகளை இணைக்கும் பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நீள்சதுரம், நடுவில் மெல்லிய வளைவு, 32 மில்லிமீட்டர்.